மூன்று சென்டிமீட்டர் வரை

கெண்டைக்காலில் வலி இருக்கிறதா என்று ஒன்பது ஆண்டுகளில் இருநூற்றுப் பன்னிரண்டு பேரிடம் கேட்டிருக்கிறேன். ஒவ்வொருவரிடமும், அவர்கள் மருத்துவமனையில் படுத்திருந்த நாளெல்லாம், தினம் ஒருமுறை. அதே கேள்வியை என்னிடம் கேட்டபோது நான்கு நாள் பொய் சொன்னேன். அது எப்படி நடந்தது என்பதை எழுதிவிடுகிறேன். எலும்பு முறிந்து படுத்திருக்கும் என் வயதுக்காரர் யாராவது படித்தால் ஒரு ஊசியாவது மிச்சமாகும்.

முதலில் என் வேலை. ஓசூர் சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் முப்பத்து மூன்று வருடம் தரப்பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து பி.எஸ்சி. முடித்துவிட்டு இருபத்தைந்து வயதில் வந்தவன். ஐம்பத்தெட்டில் ஓய்வு. ஒரு வருடம் சும்மா இருந்து பார்த்தேன், முடியவில்லை. எலும்பு மருத்துவமனை ஒன்றில் ஆராய்ச்சிப் பிரிவுக்கு ஆள் தேடினார்கள். டாக்டர் என் கையெழுத்தைப் பார்த்தார், ரிஜிஸ்டர் எழுதியதுண்டா என்றார், மறுநாளே வரச் சொன்னார். கிளினிக்கல் ரிசர்ச் கோஆர்டினேட்டர் என்று அடையாள அட்டையில் போட்டிருக்கும். வார்டில் எல்லோருக்கும் நான் ‘பேப்பர் சார்’.

ஆபரேஷனுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஒரே எலும்பு முறிவுக்கு இரண்டு விதமாக வைத்தியம் பார்க்க முடியும், எது நல்லது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்றால், அதைக் கண்டுபிடிக்க ஒரு ஆய்வு நடக்கும். தற்போதைய ஆய்வு, தொடை எலும்பு உடைந்து உள்ளே கம்பி வைத்தவர்களைச் சீக்கிரம் காலை ஊன்றி நடக்க விடலாமா, சில வாரம் பொறுக்க வேண்டுமா என்பது. சேர விருப்பமுள்ளவர்களுக்கு விளக்கிச் சொல்லி, கையெழுத்து வாங்கி, தினமும் அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்வது என் வேலை. வீட்டுக்குப் போன பிறகு ஆறாம் வாரம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒரு வருடம் என்று போன் செய்ய வேண்டும். எடுக்காவிட்டால் தேடிப் போக வேண்டும். நம்பரை மாற்றிவிட்ட ஒருவரைத் தேடி ஜவளகிரிக்கு மூன்று தடவை பஸ் ஏறியிருக்கிறேன். மூன்றாவது தடவைதான் அகப்பட்டார், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார், காலை நன்றாக மடக்கி உட்கார்ந்து காட்டினார்.

நான் விழுந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. என் வீடு மாடியில். பதினான்கு படி. கீழிருந்து மூன்றாவது படியில், கையில் பால் பாக்கெட்டோடு, வலது பக்கமாக விழுந்தேன். பால் பாக்கெட் உடையவில்லை. தொடை எலும்பின் மேல்முனையில் ஒரு பந்து இருக்கிறது, அது இடுப்புக் குழியில் உட்கார்ந்து சுழலும். அந்தப் பந்துக்குக் கீழே இருக்கும் கழுத்து முறிந்துவிட்டது. என் வயதில் அது ஒட்டுவது கஷ்டம் என்பதால், பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைப்பார்கள். நான் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கே கீழ்வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்தார். ஆட்டோ ஓசூரில் தாண்டிய வேகத்தடைகள் பதினொன்று, ஒவ்வொன்றையும் என் இடுப்பு எண்ணியது.

ஆபரேஷனுக்குச் சம்மதப் படிவம் நீட்டினார்கள். நான்கு பக்கத்தையும் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் என் வயது எழுபத்தெட்டு என்றிருந்தது, திருத்தச் சொன்னேன். நர்ஸ் சிரித்தார். “சார், இதை முழுசாப் படிச்ச மொத ஆளு நீங்கதான்.” சிரிக்க எனக்கு வரவில்லை. என்னிடம் கையெழுத்துப் போட்ட இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் முழுதும் படித்தவர்கள் ஏழு பேர். மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போட்டார்கள். எந்த முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் நான் கடைசி வரி வரை படித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை ஆபரேஷன். மகன் ரகு வந்திருந்தான். பெங்களூரில் ஒயிட்ஃபீல்டில் இருக்கிறான். ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அன்று அத்திப்பள்ளியில் நெரிசல் என்று மூன்று மணி நேரம் ஆகியிருக்கிறது. மற்ற நேரங்களில் அவன் வந்து சேர ஆறு மாதம் ஆகும். குறை சொல்லவில்லை, கணக்கைச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை புறப்படும்போது கட்டில் பக்கத்தில் நின்றான்.

“அப்பா, போதும்பா. வீட்டைக் காலி பண்ணிட்டு எங்ககூட வந்துடுங்க.”

“எனக்கு வேலை இருக்கு.”

“அறுபத்தெட்டு வயசுல என்ன வேலை? நாலு பேருக்கு போன் பண்றதா?”

“அறுபத்தொரு பேர்.”

அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். “சரி. அடுத்த சனிக்கிழமை வருவேன். பதினாலு படி ஏறி இறங்கிக் காட்டுங்க. காட்டிட்டீங்கன்னா உங்க வீட்டுலயே இருங்க, வாயத் திறக்க மாட்டேன். இல்லன்னா என்கூட வரணும். சரியா?”

“சரி.”

ஏழாம் நாளில் கைப்பிடியைப் பிடித்துப் படி ஏறுவது இந்த ஆபரேஷனில் நடக்கக் கூடியதுதான். பலரை ஏற வைத்துப் பார்த்திருக்கிறேன். பிசியோதெரபி அறையில் இருக்கும் மரப்படி நான்குதான். மூன்று தடவை முழுதாகவும் ஒரு தடவை பாதியாகவும் ஏறினால் பதினான்கு. அன்று இரவே கணக்குப் போட்டு வைத்தேன்.

மகன் வீட்டுக்குப் போக ஏன் இவ்வளவு பயம் என்று கேட்கலாம். மனைவி இறந்து ஆறு வருடம். அதன் பிறகு என்னிடம் ஒரு நாளில் பேசும் மனிதர்கள் என்றால் இன்னும் போன் செய்து விசாரிக்க வேண்டிய அந்த அறுபத்தொரு பேரில் நாலைந்து பேர்தான். அவர்களும் நான் கேட்பதால்தான் பேசுகிறார்கள். அந்தக் கேள்வித்தாளும் போய்விட்டால் எனக்குப் பேச்சைத் தொடங்கத் தெரியாது.

எட்டுப் படுக்கை வார்டு. நான் ஐந்தாம் எண். தாய்மொழி என்று பார்த்தால் தமிழ் நான்கு, தெலுங்கு இரண்டு, கன்னடம் ஒன்று, உருது ஒன்று. வலியில் அவரவர் மொழியில் கத்துவார்கள், சாப்பாட்டுக்காரரிடம் எல்லோரும் தமிழில் சண்டை போடுவார்கள். ஆறாம் எண்ணில் சின்னராஜ். சாமல்பட்டிக்காரர், முப்பத்தெட்டு வயது, வார்ப்படக் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. ஷிஃப்ட் முடிந்து வரும்போது பைக் மணலில் சறுக்கி இடது தொடை எலும்பு உடைந்தது. பாதத்தில் சதை கிழிந்த புண்ணும் இருந்ததால் சீக்கிரம் அனுப்பவில்லை. என் ஆய்வில் சேர்ந்த கடைசி ஆள். நான் விழுந்ததற்கு முதல் நாள் மாலைதான் அவரிடம் கையெழுத்து வாங்கியிருந்தேன்.

மயக்கம் தெளிந்து என்னை வார்டுக்குக் கொண்டுவந்தபோது அவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“என்னங்க சார், நின்னுக்கிட்டுக் கேள்வி கேட்டது பத்தலைன்னு பக்கத்துலயே படுக்க வந்துட்டீங்களா? அவ்ளோ அக்கறைங்களா எம்மேல?”

அவர் மனைவி மாதம்மா அவர் தோளில் அடித்தார். “ச்சும்மா இருய்யா. பெரியவருக்கு வலி.”

எனக்குப் பதில் என் வேலையைப் பார்க்க பெங்களூரிலிருந்து ஷாலினி என்ற பெண்ணை அனுப்பியிருந்தார்கள். இருபத்து நான்கு வயது, பி.பார்ம் படித்தவள், வேலைக்கு வந்து ஒன்பதாவது நாள். தினமும் காலை ஒன்பதே காலுக்கு சின்னராஜின் தாளோடு வருவாள். தேதியில் மாதத்தை முதலில் எழுதினாள், படுத்தபடியே திருத்தினேன். திங்கட்கிழமை, கேட்காமலேயே ஒரு கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதிவிட்டாள். பேனா நகர்ந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது.

“கேட்டியா அவரை?”

“இல்ல சார், நேத்தும் இல்லன்னுதான் சொன்னார்...”

“நேத்து நேத்தோட போச்சு. கேக்காம ஒரு எழுத்து எழுதக் கூடாது. அது தாள் இல்லம்மா, ஆளு.”

சின்னராஜ் அவளைப் பார்த்துக் கண்ணடித்தார். “பாத்து எழுதும்மா. இந்தத் தாள்ல ஒரு பொய் விழுந்தா சாருக்கு மூணு நாளைக்கு சோறு எறங்காது.”

எனக்கென்று ஒரு தாள் கிடையாது. அந்த ஆய்வு அறுபது வயது வரைதான், அதோடு அங்கே வேலை செய்கிறவர்களைச் சேர்ப்பதில்லை. வார்டு நர்ஸ் காலையில் எல்லோரிடமும் கேட்கும் பொதுக் கேள்விகளோடு சரி. எனவே என் சட்டைப்பை நோட்டில் நானே எழுதிக்கொண்டேன். எத்தனை தடவை சிறுநீர், எத்தனை கரண்டி கஞ்சி, எத்தனை பேர் பார்க்க வந்தார்கள். கடைசிக் கணக்குதான் சீக்கிரம் முடிந்தது. மகனைத் தவிர, ஆறு நாளில் ஐந்து பேர். அதில் மூன்று பேர் மருத்துவமனை ஊழியர்கள், பணி நேரத்தில் எட்டிப் பார்த்தவர்கள். ஒருவர் கீழ்வீட்டுக்காரர், எட்டு நிமிடம் இருந்தார், தண்ணீர்த் தொட்டி மோட்டார் சாவி எங்கே என்று கேட்டுக்கொண்டு போனார். ஒருவர் எல்.ஐ.சி. ஏஜென்ட், ஏழாம் எண்ணைப் பார்க்க வந்தவர். போன் அழைப்புகள் பதினொன்று. மகன் ஆறு, கடன் தருகிறோம் என்றவர்கள் மூன்று, என் ஆய்வு நோயாளிகள் இரண்டு. நான் விழுந்தது அந்த இருவருக்கும் தெரியாது. ஒருவர் பைக் ஓட்டலாமா என்று கேட்டார். தலையணையில் சாய்ந்தபடி, டாக்டரைக் கேட்காமல் ஓட்டாதே என்று கறாராகச் சொன்னேன். வைத்த பிறகு கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்னராஜைப் பார்க்க இரண்டு நாளில் இருபத்து மூன்று பேர். வந்தவர்கள் வாங்கி வந்த சாத்துக்குடியில் என் பங்கு நான்கு. மாதம்மா மத்தியானம் ராகிக்களி கொண்டுவருவார், கீரைக் கடைசலோடு. ஒரு உருண்டையைப் பாதியாக்கி என் தட்டில் வைப்பார். கை கழுவினாரா என்று நான் பார்ப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

“கழுவிட்டேங்க சார், ரெண்டு வாட்டி. கழுவுனத எண்ணி எழுதிக்கங்க, களிய மட்டும் எண்ணாதீங்க. தின்னுங்க.”

செவ்வாய்க்கிழமை, ஆபரேஷனுக்குப் பின் மூன்றாம் நாள், வலது கெண்டைக்காலில் ஒரு இறுக்கம் தெரிந்தது. ஆபரேஷன் வலியில்லை, அது வேறு இடம், வேறு மாதிரி. உள்ளே யாரோ துணியைப் பிழிவதைப் போல. படுத்தே கிடக்கும் ஆளுக்குக் காலில் ரத்தம் மெதுவாக ஓடும். மெதுவாக ஓடுகிற ரத்தம் சிலருக்கு ஆழத்தில் உள்ள ரத்தக்குழாயில் உறைந்து கட்டியாகிவிடும். கட்டி அங்கேயே இருந்தால் கால் வீங்கும், வலிக்கும். துண்டாகிக் கிளம்பினால் நேராக நுரையீரலுக்குப் போய் அடைக்கும். அதைத் தடுக்கத்தான் தினமும் வயிற்றில் ஒரு ஊசி போடுகிறார்கள். ஊசி போட்டும் சிலருக்கு உறையும். என் இருநூற்றுப் பன்னிரண்டில் ஒருவரை அப்படி இழந்தோம். பத்தாம் நாள், பல் துலக்கிக்கொண்டிருந்தபோது. அந்தத் தாளில் கடைசிக் கட்டத்தை நிரப்பியது நான்.

ஆகவே எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

நர்ஸ் வந்து கேட்டார். “கெண்டைக்கால்ல வலி இருக்கா சார்?” இல்லை என்றேன். இருக்கிறது என்றால் ஸ்கேன். ஸ்கேனில் கட்டி தெரிந்தால் படி ஏறுவதைத் தள்ளிப்போடுவார்கள். சனிக்கிழமை போய்விடும். வெறும் இறுக்கத்துக்கு வீட்டைக் கொடுப்பதா என்று நினைத்தேன்.

ஆனால் அளக்காமல் இருக்க முடியவில்லை. அலுவலகப் பையில் அளவு நாடா இருந்தது, நோயாளிகளின் காலை அளப்பதற்கு வைத்திருப்பது. முழங்கால் எலும்பின் மேட்டிலிருந்து பத்து சென்டிமீட்டர் கீழே சுற்றி அளக்க வேண்டும். காலை ஐந்தரைக்கு, குளியல் துண்டை மேலே போட்டுக்கொண்டு அளப்பேன். செவ்வாய்: இடது முப்பத்தொன்றரை, வலது முப்பத்திரண்டு. புதன்: வலது முப்பத்திரண்டரை. வியாழன்: முப்பத்து மூன்றரை. எங்கள் விதிமுறையில், ஒரு காலைவிட மற்றொன்று மூன்று சென்டிமீட்டருக்கு மேல் பருத்திருந்தால் அபாயம் என்று போட்டிருக்கும். வலி ஒன்றே போதும், உடனே சொல்ல வேண்டும் என்பது அதற்கு முந்தைய வரி. அந்த வரியை நான் தாண்டிப் போனேன். தொழிற்சாலையில் முப்பத்து மூன்று வருடம் அப்படித்தான் பழக்கம். அளவு வரம்புக்குள் இருந்தால் பாஸ். மீறினால்தான் தள்ளு. வரம்பை நெருங்குகிறது என்பதற்காக எந்த உதிரிபாகத்தையும் நாங்கள் தள்ளியதில்லை.

வெள்ளிக்கிழமை முப்பத்து நான்கரை. வித்தியாசம் சரியாக மூன்று.

நாடாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். மூன்றுக்கு மேல் என்றுதானே இருக்கிறது? மூன்று என்பது மூன்றுக்கு மேல் இல்லை. எனவே பாஸ். எழுதியும் வைத்தேன், பக்கத்தில் ஒரு சரி போட்டு. அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைப் பார்க்கும்போது, நான் தள்ளாமல் விட்ட உதிரிபாகங்கள் எந்தெந்த வண்டியில் ஓடுகின்றனவோ என்று இப்போது பயமாக இருக்கிறது.

“இன்னைக்கு என்ன அளவுங்க சார்?”

சின்னராஜ் விழித்துக்கொண்டிருந்தார். மாதம்மா தரையில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார். நான் துண்டை இழுத்துப் போர்த்தினேன்.

“மூணு நாளாப் பாக்கறேங்க சார். பேன்ட் தைக்கக் குடுக்கறீங்களோன்னு நெனச்சேன். மொதல்ல ஒரு காலு, அப்பறம் இன்னொரு காலு, அப்பறம் நோட்டு.” குரலைத் தாழ்த்தினார். “வலிக்குதுங்களா?”

“லேசா.”

“எங்கிட்ட கையெழுத்து வாங்கறப்ப என்னா சொன்னீங்க? கெண்டக்கால் வலிச்சா ஒடனே சொல்லு, வெக்கப்படாத, உசுரு விசயம்னீங்க. ரெண்டு வாட்டி சொன்னீங்க.”

“அது உங்களுக்கு.”

“ஏனுங்க, உங்க ஒடம்புல ஓடறது மட்டும் பெட்ரோலுங்களா, ஒறையாம இருக்க?”

மகனோடு போட்ட ஒப்பந்தத்தைச் சொன்னேன். யாரிடமும் அதைச் சொன்னதில்லை, அந்த நேரத்தில் எப்படியோ சொல்லிவிட்டேன். நாளை ஒரு நாள்தான், படி ஏறிவிட்டு நானே டாக்டரிடம் சொல்லிவிடுவேன் என்றேன். நீங்கள் யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன்.

“சரிங்க சார். உங்க வலிய நான் யார்கிட்டயும் சொல்லல. போதுங்களா?” என்று சின்னராஜ் மேலே விசிறியைப் பார்த்தபடி படுத்துவிட்டார்.

சனிக்கிழமை. நர்ஸிடம் என்ன சொல்வது என்று தயாராக இருந்தேன். ஆனால் அன்று ஷாலினி முதலில் வந்துவிட்டாள். சின்னராஜ் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டுக்கொண்டாள். இரவு தூக்கம், காய்ச்சல், புண், எல்லாம் கேட்டாள். பிறகு அந்தக் கேள்வி.

“வலிக்குதும்மா,” என்றார் சின்னராஜ்.

அவள் நிமிர்ந்தாள். “எப்பயிலேர்ந்து?”

“செவ்வாக்கெழமயிலேர்ந்து.”

“தினமும் இல்லன்னு சொன்னீங்களே?”

“மறச்சுட்டேன். வீட்டுக்குப் போவணும்னு ஆச. உள்ள துணி புழியற மாதிரி இருக்குது. ஒரு கால விட ஒரு காலு மூணு சென்டிமீட்டர் பெருசு. மூணுக்கு மேல இல்ல, கரெக்டா மூணு.”

இப்படி ஒன்று நடந்தால் டாக்டருக்கு உடனே சொல்ல வேண்டும், ஆய்வை நடத்துகிறவர்களுக்குக் காலக்கெடுவுக்குள் எழுதி அனுப்ப வேண்டும். அவள் வேலையில் முதல் தடவை. பேனா ஓடத் தொடங்கியது. செவ்வாய் என்று எழுதினாள். மூன்று என்று எழுதினாள். என் அளவு, என் நாள், இன்னொருவர் தாளில் ஏறிக்கொண்டிருந்தது.

“எழுதாதே!” என்றேன். வார்டு முழுக்கத் திரும்பியது. “அது பொய்.”

“சார், பேஷன்ட் என்ன சொல்றாரோ அதைத்தான் எழுதணும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“அவருக்கு வலி இல்லை.”

“உங்களுக்கு எப்படி சார் தெரியும்?”

நான் போர்வையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன். சின்னராஜ் என் பக்கமே பார்க்கவில்லை. “கேக்குதில்ல அந்தப் பொண்ணு? எப்படித் தெரியும்னு சொல்லுங்க சார். நீங்க சொல்லலைன்னா அது எழுதட்டும். எழுதும்மா, நீ எழுது.”

பேனா மறுபடி தாளைத் தொட்டது.

“வலி எனக்கு,” என்றேன். “செவ்வாய்க்கிழமையிலேர்ந்து. எனக்கு.”

மாதம்மாதான் முதலில் அசைந்தார். கணவர் தலையில் ஓங்கி ஒரு குட்டு. “நேத்தெல்லாம் தூங்கல சார் இந்த மனுசன். கேட்டா, வாக்குக் குடுத்துட்டேன், சொல்ல முடியாதுன்னு உருள்றாரு. என்னா வாக்குன்னும் சொல்லல.” பிறகு என் போர்வையை, என்னைக் கேட்காமல், முழங்கால்வரை சுருட்டினார். பார்த்துவிட்டு நர்ஸைக் கூப்பிட ஓடினார்.

பத்தரைக்கு ஸ்கேன். டாப்ளர் என்பார்கள். குளிர்ச்சியான களிம்பைத் தடவி ஒரு கருவியை அழுத்தி நகர்த்துவார்கள். ரத்தம் ஓடும் சத்தம் கேட்கும், ஈரத்துணியை உதறுவதைப் போல. ஓரிடத்தில் சத்தம் நின்றது. அழுத்திப் பார்த்தார்கள், குழாய் அமுங்கவில்லை. முழங்காலுக்குப் பின்னால் வரை கட்டி ஏறியிருந்தது.

டாக்டர் வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். “சார், உங்களுக்குத் தெரியாததா?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் என்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஊசியின் அளவைக் கூட்டினார்கள். பிறகு மூன்று மாதம் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க. செலவு ஊழியர் காப்பீட்டில் முக்கால்வாசி போய்விட்டது, மீதியை ரகு கட்டினான், எவ்வளவு என்று கேட்டதற்குச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத தொகை என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

மத்தியானம் ஷாலினி தயங்கித் தயங்கி வந்தாள். சின்னராஜின் தாளில் எழுதியதை ஒற்றைக் கோடு போட்டு அடித்திருந்தாள். அடித்தால் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். என்ன காரணம் எழுதுவது என்று கேட்டாள். நோயாளி தவறாகச் சொன்னார், உடனே திருத்திக்கொண்டார் என்று எழுதச் சொன்னேன்.

“நான் எங்க தப்பா சொன்னேன்? அத்தனையும் கரெக்டு. காலுதான் வேற,” என்றார் சின்னராஜ்.

ரகு பதினொன்று இருபதுக்கே வந்துவிட்டிருந்தான். டாக்டரோடு பேசிவிட்டு வந்து கட்டிலில், என் கால்மாட்டில் உட்கார்ந்தான். கோபப்படவில்லை. “அவ்ளோ கஷ்டமாப்பா எங்ககூட இருக்கிறது?” என்றான். இல்லை என்றேன். அதுவும் பொய்யா என்று எனக்கே தெரியவில்லை. அதை அளக்க என்னிடம் நாடா இல்லை.

படி ஏறுவதைப் பற்றி இருவருமே பேசவில்லை.

புதன்கிழமை சின்னராஜ் வீட்டுக்குப் போனார். வாக்கரை ஊன்றி என் கட்டில்வரை வந்து நின்று, “கோவமா இருக்கீங்களா சார்?” என்றார். ஆமாம் என்றேன். “இருங்க, இருங்க. உசுரோட இருந்து கோவமா இருங்க,” என்று சிரித்துவிட்டுப் போனார். மறுநாள் என்னை விட்டார்கள். போகுமுன் ஷாலினியிடம் அறுபத்தொரு பேரின் பட்டியலைக் கொடுத்தேன். யாருக்கு இரவு ஷிஃப்ட், யாரை மத்தியானம் எழுப்பக் கூடாது, யாருக்குக் கன்னடத்தில் கேட்டால்தான் பதில் வரும், கெலவரப்பள்ளி அணைப் பக்கம் எந்த வீட்டில் சிக்னல் கிடைக்காது, எல்லாம் எழுதியிருந்தேன். ஏழு பக்கம் வந்தது. அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ரகு அதற்குள் வீட்டைக் காலி செய்துவிட்டிருந்தான். இரண்டு பெட்டி, மூன்று அட்டைப்பெட்டி. அவ்வளவுதான் இருந்தது என்று அவனே ஆச்சரியப்பட்டான்.

இப்போது பதினோராவது மாடியில் இருக்கிறேன். லிஃப்ட் ஒவ்வொரு மாடியையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது, ஆங்கிலத்தில். ரகு காலை எட்டு இருபதுக்குப் போய் இரவு ஒன்பது மணிக்கு வருகிறான். மருமகள் திவ்யா நல்ல பெண், “மாமா, சாப்பிட்டீங்களா?” என்று காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. நடுவில் பத்து மணி நேரம். பால்கனியிலிருந்து தெரியும் கட்டிடங்கள் பத்தொன்பது, கிரேன் நான்கு. ஒருநாள் சின்னராஜ் போன் செய்தார், பின்னால் சாமல்பட்டி ஸ்டேஷனில் ரயில் போகும் சத்தம். “அந்தப் பொண்ணு ஆறாவது வாரத்துக்கு போன் பண்ணுச்சுங்க சார். எல்லாக் கேள்வியும் கேட்டுது. உங்கள மாரி ரெண்டு வாட்டி கேக்கல.” பதினான்கு நிமிடம் பேசினோம். என்னைப் பற்றிக் கேட்டபோது நன்றாக இருக்கிறேன் என்றேன். அதற்குமேல் எனக்குச் சொல்ல வரவில்லை.

கட்டி கரைந்தாலும் கொஞ்ச காலம் கால் கடுக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாலையில் அதிகம். சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வேன். யாராவது கேட்டால் சொல்லலாம் என்றிருந்தேன். இங்கே யாரும் கேட்கவில்லை. அவர்கள் பேரில் தவறில்லை. கேட்கும் வேலையில் இருந்தவன் நான் ஒருவன்தான்.

நேற்று ரகு சாப்பிட்டு முடித்து எதிரே உட்கார்ந்து போனில் ஏதோ தள்ளிக்கொண்டிருந்தான். பதினைந்து வரை எண்ணினேன். பிறகு மறுபடி பதினைந்து.

“ரகு, கால் வலிக்குதுடா,” என்றேன்.

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். எழுந்து வந்து என் முன்னால் தரையில் உட்கார்ந்தான். இரண்டு கையாலும் கெண்டைக்காலைப் பிடித்து, எங்கே அழுத்தினால் நோகுமோ என்று பயந்து, மெல்ல நீவத் தொடங்கினான். சிறு வயதில் அவனுக்கு நான் அப்படிச் செய்ததில்லை, செய்திருந்தால் எண்ணிக்கை நினைவிருக்கும். அவன் பிடித்திருந்தது இடது கால். எந்தக் காலில் ஆபரேஷன் நடந்தது என்பது அவனுக்கு நினைவில்லை.

கொஞ்ச நேரம் அப்படியே விட்டிருந்தேன்.

“அது இல்லடா,” என்றேன். “இந்தக் கால்.”

அவன் கையை மாற்றி வைத்தான்.